ரம்லாவின் பதினோரு தாள்கள்

பதினோரு தாள்களில் கோளாறு இருக்கிறது என்று என் புரோகிராம் சொன்ன அன்று நான் சந்தோஷப்பட்டேன். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஒரு மனுஷியின் பிழைப்பில் கை வைக்கிறோம் என்று தெரியாமல், பீளமேட்டில் இருக்கும் என் இரண்டு அறை ஆபீசில் எல்லோருக்கும் பக்கத்து பேக்கரியிலிருந்து பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் என்றால் நானும், என்னிடம் வேலை பார்க்கும் ஷ்ரவ்யாவும்தான்.

என் பெயர் சாய்ப்ரியா. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்குள் இருக்கும் விவரத்தை எண்களாக எடுத்துக் கொடுப்பது என் தொழில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் பேர். தப்பு செய்தவர்களைக் கண்டால்தான் கோபம் வருகிறது என்று நானும் பல வருஷமாக வாதாடிக்கொண்டிருந்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் சென்னகேசவன் என்பவர் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். மோட்டார் பம்புக்கு உள்ளே சுற்றும் இரும்புத் தண்டுகளை உலையில் வைத்துப் பதப்படுத்திக் கொடுக்கும் இடம். தண்டு என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், ஷாஃப்ட்டுதான். அங்கே ஓர் உலை இரவும் பகலும் ஐந்நூற்றைம்பது டிகிரியில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பத்து டிகிரி கூடலாம், பத்து குறையலாம், அதற்கு மேல் போனால் ஷாஃப்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும், இல்லாவிட்டால் ஒருநாள் முறியும். சூடு சரியாக இருந்ததா என்பதற்குச் சாட்சி ஒரு வட்டத் தாள். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், நடுவில் ஓர் ஓட்டை. உலைக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் அதை மாட்டினால், சாவி கொடுத்த கடிகாரம் போலக் கரண்ட் இல்லாமலே இருபத்து நாலு மணி நேரத்தில் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றும். ஒரு பேனா அதன் மேல் சிவப்பு மசியில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் பேனா வெளிப்பக்கம் போகும், குறைந்தால் உள்பக்கம் வரும். காலை எட்டு மணிக்குப் பழைய தாளை எடுத்துப் புதியதை மாட்டி, மாட்டியவர் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

சென்னகேசவனிடம் ஷாஃப்ட் வாங்கும் கம்பெனி, மூன்று வருஷத்துத் தாள்கள் மொத்தத்தையும் எண்களாக மாற்றித் தரச் சொல்லிவிட்டது. ஆயிரத்து அறுபது தாள்கள். அந்த வேலை எனக்கு வந்தது. என் தகுதிக்கு அது பெரிய வேலை, தலைகால் புரியவில்லை.

வேலையின் சூட்சுமம் ரொம்ப எளிது. வட்டத்தின் நடுப்புள்ளியைக் கண்டுபிடி. அங்கே நின்றுகொண்டு சுற்றிலும் பார். கோடு எந்தத் திசையில் இருக்கிறது என்பது மணி, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது சூடு. இப்படி ஒவ்வொரு புள்ளியாக எடுத்து வைத்தால் சுருட்டிய பாயை விரித்த மாதிரி வட்டம் நீளமான பட்டையாகிவிடும். பேனா நேராக நகராது, ஒரு கம்பியின் நுனியில் கொஞ்சம் வளைந்துதான் நகரும். அந்த வளைவுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். தாளில் பச்சை நிறத்தில் அச்சடித்த வட்டங்கள் நிறைய உண்டு, சூட்டின் அளவைக் காட்டுவதற்கு. அவை குறுக்கே வந்து தொல்லை கொடுக்கும் என்று பச்சை முழுவதையும் அழித்துவிட்டுச் சிவப்புக் கோட்டை மட்டும் எடுத்தேன். திரையில் பளிச்சென்று இருக்கும். அந்தச் சுத்தத்தைப் பார்த்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

ஆயிரத்து நாற்பத்தொன்பது தாள்கள் சாதுவாக வந்தன. பதினொன்றில் மட்டும் சூடு மத்தியானம் ஐந்நூற்று இருபத்தாறுக்கு இறங்கியது, நள்ளிரவுக்கு மேல் ஐந்நூற்று எழுபத்து நாலுக்கு ஏறியது. பதினொன்றிலும் ஓரத்தில் ஒரே கையெழுத்து இருந்தது. ரம்லா.

சென்னகேசவனின் அறையில் ஒரு புதன்கிழமை இதைக் காட்டினேன். வாங்கும் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கும் அதிகாரி சைதன்யாவும் வந்திருந்தார், சென்னைக்காரர், அளந்து பேசுகிறவர். திரையில் பதினோரு அலைகளையும் பார்த்த சென்னகேசவன் மத்தியானம் சாப்பிட்டுப்போட்டுக் கண் அசந்திருப்பார்கள், அப்புறம் ஈடுகட்ட ஏற்றி வைத்திருப்பார்கள் என்று தானே ஒரு கதையைச் சொல்லி முடித்தார். எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. சைதன்யா ஒன்றே ஒன்று சொன்னார். சனிக்கிழமை வந்து இந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவாராம். அதற்குள் அந்த ஆள் உலையை விட்டு நீங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது.

ரம்லாவைக் கூப்பிட்டார்கள். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டி, காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டறைக்குக் கூட்டிப் பெருக்க வந்தவர். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து வேலையைப் பழகி, ஆள் வராத ஒருநாள் தானாக உலையை நடத்திக் காட்டி, இப்போது பகல் ஷிப்டுக்கு அவர்தான் பொறுப்பு. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் உலைக்குப் பொறுப்பாக ஒரு பெண் கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

திரையைப் பார்த்துவிட்டு, என் உலை சரியாகத்தான் நின்றது என்றார். குரலை உயர்த்தவில்லை. இன்னொரு தடவையும் அதையே சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இத்தனை அத்தாட்சியை வைத்துக்கொண்டு ஒருத்தி கூசாமல் மறுக்கிறாளே என்று நினைத்தேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க அக்கா," என்றேன். "மனுசங்கதான் சொல்லுவாங்க."

அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்கும். ரம்லா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். இனி உலையைத் தொடாதே, திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கூட்டுகிற வேலைக்கு வா என்று சென்னகேசவன் சொன்னார். பன்னிரண்டு வருஷ உழைப்புக்காக வேலையை விட்டே அனுப்பவில்லை என்று அதைப் பெருந்தன்மை போலச் சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ரம்லா என் ஆபீஸ் வாசலில் நின்றார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அந்தப் பதினோரு தாள்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் வந்தவரைத் துரத்த முடியுமா? உட்காரச் சொன்னேன், ஷ்ரவ்யா டீ கொண்டு வந்து வைத்தாள். வேலை போகவில்லையே, சம்பளமும் அவ்வளவாகக் குறையாதே என்று நான் பெரிய மனுஷி மாதிரி சமாதானம் சொன்னேன்.

"வெளக்கமாறு ஒண்ணும் கனமில்லீங்க மேடம்," என்றார் ரம்லா. "அந்த உலையைப் பார்த்துக்கிட்டே கூட்டோணும். அதுதானுங்க முடியாது."

திரையைத் திறந்து முதல் அலையைக் காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வெகு நேரம் பார்த்தார். இதில் ஓர் உலை தெரியவில்லையே என்றார். கதவைத் திறந்தால் சூடு சடாரென்று விழும், மூடினால் மெல்ல ஏறும், எந்த உலையின் கோட்டிலும் அந்தச் சடாரும் மெல்லவும் இருக்கும். இதுவோ தாலாட்டுகிற மாதிரி இறங்கி, அதே மாதிரி ஏறி, மறுநாள் எட்டு மணிக்குப் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது. எந்த உலை இப்படி மணி பார்த்து நடக்கும் என்று கேட்டார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது என் சுபாவம். உங்கள் கண்ணுக்கே நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று, ஸ்கேன் செய்தபடியே இருந்த அசல் படத்தை எடுத்தேன். எதையும் அழிக்காமல், பச்சை வட்டங்களோடு சேர்த்தே விரித்துக் காட்டினேன். நான் எதையும் மறைக்கவில்லை என்று தெரியட்டும் என்பதுதான் எண்ணம்.

விரிந்த பட்டையில் சிவப்புக் கோடு நெளிந்தது. அதற்கு மேலும் கீழும் பச்சைக் கோடுகளும் அதே மாதிரி நெளிந்தன.

ரம்லாதான் முதலில் கேட்டார். "ஏனுங்க மேடம், சிவப்பை உலை ஆட்டுச்சுன்னே வெச்சுக்குங்க. இந்தப் பச்சை அச்சாபீஸ்ல போட்டதுங்களே, அதை யாரு ஆட்டுனது?"

எனக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாகிவிட்டது. அச்சடித்த வட்டத்தை நடுப்புள்ளியிலிருந்து விரித்தால் நேர்கோடாகத்தான் வர வேண்டும். நெளிகிறது என்றால் ஆடியது உலை இல்லை, நான் நின்று பார்த்த இடம். நடுப்புள்ளியை என் புரோகிராம் தப்பாகப் பிடித்திருக்கிறது. அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் எட்டு டிகிரி. மூன்று மில்லிமீட்டர் போதும், நல்ல உலையைக் கெட்ட உலையாக்க. அழகுக்காகப் பச்சையை அழித்தேன் பாருங்கள், என் தப்பைக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே சாட்சியை அழித்திருக்கிறேன்.

படத்தின் நடுவைப் பெரிதாக்கினேன். ஓட்டையை ஒட்டி ஒரு பக்கமாக மஞ்சள் அப்பியிருந்தது. இரண்டாவது தாளிலும் மஞ்சள். பதினொன்றிலும் மஞ்சள்.

அது ஒன்றும் புதிதாகத் தெரிந்ததில்லை. ஸ்கேன் செய்யும்போதே பார்த்திருக்கிறேன், பார்த்தும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் புது நோட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை மஞ்சள் தடவாத காகிதம் எதிலும் கை வைக்க மாட்டோம். மஞ்சள் இருந்தால் காகிதம் நன்றாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும், அழுக்கு என்று தோன்றவே தோன்றாது. என் புரோகிராமுக்கு அந்தப் பழக்கம் இல்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி நடுவில் கறுப்பாக இருப்பதை ஓட்டை என்று எடுத்துக்கொள்ளும். மஞ்சளும் கறுப்பாகி ஓட்டையோடு ஒட்டிக்கொண்டது, நடுப்புள்ளி தள்ளிப்போனது.

இந்த மஞ்சள் எப்படி வந்தது என்று ரம்லாவைக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சென்னகேசவனின் மனைவி லட்சுமியம்மாள்தான் ஸ்டோர் பார்க்கிறவர். நூறு தாள் கொண்ட பெட்டி ஒன்றைப் புதிதாகப் பிரித்தால் முதல் தாளுக்கு அவர் மஞ்சள் வைத்துத்தான் வெளியே கொடுப்பார். சாதாரணக் காகிதம் என்றால் நாலு மூலையில் வைக்கலாம், வட்டத்துக்கு மூலை ஏது? அதனால் நடுவில், எப்போதும் ஒரே பக்கமாக. மூன்று வருஷத்தில் பதினோரு பெட்டி. மற்ற தாள்களை அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள் மாட்டுவார்கள், எல்லாப் பெட்டியையும் வாங்கி முதல் தாளை மாட்டுவது பகல் ஷிப்டுப் பொறுப்பில் இருக்கும் ரம்லா.

நடுப்புள்ளியைக் கையாலேயே திருத்திப் பதினொன்றையும் மறுபடி விரித்தேன். பச்சைக் கோடுகள் ரூல்தடி வைத்ததுபோல நேராக வந்தன. பத்துத் தாள்களில் சூடு ஐந்நூற்றைம்பதை விட்டு நாலு டிகிரிகூட நகரவில்லை. ஒன்றில் மட்டும் மத்தியானம் ஒரு குழி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிதானம் அப்போது எனக்கு இல்லை. ரம்லாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், மன்னிச்சுக்குங்க அக்கா என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை வந்து அங்கேயும் இதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை அதே அறை, அதே ஆட்கள். லட்சுமியம்மாளும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். ஆனால் எப்படி விளக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். தாளில் மஞ்சள் கறை இருந்தது, கறையினால் அளவு பிசகியது, கறை இல்லாவிட்டால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. வாய்க்கு வாய் கறை, கறை என்றேன். என் புரோகிராம் என்ற சொல் என் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. புதிதாகத் தயாரித்த அறிக்கையிலும் பிழைக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'தாளின் நடுவில் மஞ்சள் கறை' என்றுதான் அடித்து வைத்திருந்தேன். பெரிய வேலை கை நழுவிவிடுமோ என்ற பயம், வேறென்ன.

லட்சுமியம்மாளின் முகம் சிறுத்துப்போனது. "நல்லா நடக்கோணும்னு வெச்சதுங்க," என்றார் மெதுவாக. சென்னகேசவன் மனைவியைப் பார்ப்பதா, ரம்லாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார்.

சைதன்யா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "புதன்கிழமை நீங்க காட்டினதையும் நம்பச் சொன்னீங்க. இன்னைக்குக் காட்டறதையும் நம்பச் சொல்றீங்க. நான் எதை வெச்சு நம்பறது?" ஏழாவது தாளில் விரலை வைத்தார். திருத்திய பிறகும் அதில் சூடு இறங்கித்தான் இருந்தது, மத்தியானம் இரண்டு பத்துக்கு ஆரம்பித்து. இதுவும் மஞ்சளா என்று கேட்டார்.

பச்சைக் கோடுகள் நேராக இருக்கின்றனவே என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குழி எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. இத்தனையும் செய்து இந்த ஒரு குழியில் ரம்லாக்காவைக் கவிழ்க்கப்போகிறேன் என்று பயந்தேன்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த ரம்லா முன்னால் வந்தார். "அந்தத் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க சார்."

அசல் தாள்கள் மேஜை மேலேயே இருந்தன. சைதன்யா ஏழாவதை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் நீல பால்பாயின்ட் பேனாவில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'மத்தியானம் 2.10 கரண்ட் போச்சு. 2.35 வந்துச்சு. உள்ளே இருந்த 64 ஷாப்டு தனியா எடுத்து வெச்சு மறுபடி போட்டாச்சு. ரம்லா.'

அவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் குழி ஆரம்பித்தது இரண்டு பத்து. சூடு மறுபடி ஏறத் தொடங்கியது இரண்டு முப்பத்தைந்து. இந்த மாதிரி வேறு எதிலாவது எழுதியிருக்கிறாயா என்று சென்னகேசவன் கேட்டார். என்றைக்கெல்லாம் ஏதாவது நடந்ததோ அன்றைக்கெல்லாம் எழுதியிருப்பதாக ரம்லா சொன்னார். பின்பக்கத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆயிரத்து அறுபது தாளை ஸ்கேன் செய்த எனக்கும் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

சைதன்யா கட்டிலிருந்து தன் இஷ்டத்துக்கு இருபது தாள்களை உருவினார். மூன்றின் பின்பக்கம் எழுத்து இருந்தது. கதவுக் கீல் மாற்றியது, சூடேற்றும் கம்பி ஒன்று கருகியது, பேனா மசி நின்றது. மூன்றும் திரையில் நிமிஷம் பிசகாமல் பொருந்தின. அந்த மனிதர் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டர் இப்போது சரியாகப் படிக்கிறது என்பதற்கு இவர் எழுத்துதான் அத்தாட்சி என்றார். பின்பக்கங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்து கொடுங்கள் என்று என்னிடம் சொன்னார். அறிக்கையில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் முதலாளி போட வேண்டாம், ரம்லாவே கையெழுத்துப் போடட்டும் என்றார்.

சென்னகேசவன் எழுந்து நின்றார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு நீயே தாளை மாட்டு ரம்லா, நான் அவசரப்பட்டுப்போட்டேன் என்றார். அவ்வளவு சொன்னதே அவருக்குப் பெரிது. லட்சுமியம்மாள் மட்டும் தலை நிமிராமல் இருந்தார். இனிமேல் மஞ்சள் வைக்க மாட்டேன் என்று முனகினார்.

நான் பேனாவை எடுத்து நீட்டினேன். ரம்லா வாங்கிக்கொண்டார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். நாங்கள் நாலு பேரும் காத்திருந்தோம். விரல் ஓரிடத்தில் நின்றது.

"மேடம், இங்க மஞ்சள்னு போட்டிருக்குதுங்க."

ஆமாம் என்றேன்.

"மஞ்சள் என்னுங்க பண்ணுச்சு? அம்மா வருசக்கணக்கா வெக்கறாங்க. உலையும் நின்னுச்சு, கோடும் நின்னுச்சு." என்னைப் பார்த்துப் பேனாவைத் திருப்பி நீட்டினார். "அன்னிக்கு என் பேரைக் காட்டித்தானுங்க குத்தம் சொன்னீங்க. இதுலயும் பேரை எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன். வரவில்லை. மஞ்சள் கறை என்பதை அடித்துவிட்டு, அதன் மேலே எழுதினேன்: 'பிழை, புரோகிராம் எழுதிய சாய்ப்ரியாவுடையது.' லட்சுமியம்மாள் எட்டிப் பார்த்துப் படித்தார், பிறகு என் தோளில் கையை வைத்தார்.

அதன் கீழே ரம்லா தன் பெயரை எழுதினார், தாளின் ஓரத்தில் எழுதுவது மாதிரியே, நிதானமாக. பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

"வாங்க கண்ணு," என்றார் என்னைப் பார்த்து. மேடம் போய்விட்டது. "உலையை நீங்க இன்னும் பார்க்கவே இல்லீங்களே."